சின்னம்மாவை வார்ட்டிலிருந்து வெளியே எடுத்த ஒன்பது நாள்

மூன்று வருசத்துக்கு முன், ஓகஸ்ட் 28ஆம் திகதி பின்னேரம், என் சின்னம்மாவைப் பொலிஸ் ஜீப்பில் ஏற்றிக்கொண்டு போனார்கள். காணாமல் ஆக்கப்பட்டோர் தினத்துக்கு இரண்டு நாள் இருந்தது. திருகோணமலை உவர்மலை வீட்டு விறாந்தையில் இருந்து பதாகைக்குத் தடி கட்டிக்கொண்டிருந்தவ. "ஒரு வாக்குமூலம், அரை மணித்தியாலம்" என்றார்கள். இரவு ஒன்பது மணிக்கு நாங்கள் தேடிப் போனபோது, "அவவுக்கு மனநிலை சரியில்லை, ஆஸ்பத்திரிக்கு அனுப்பிட்டம்" என்று பதில் வந்தது.

சின்னம்மாவின் மகன் 2008இல் ரியூசனுக்குப் போனவன். வயது 19. ரோட்டில் வெள்ளை வானில் ஏற்றினதைக் கண்டவர்கள் இருக்கிறார்கள். அன்றிலிருந்து அவ போகாத ஆணைக்குழு இல்லை, எழுதாத மனு இல்லை. கையில் எப்போதும் அவனுடைய படம்.

அந்த ஒன்பது நாளில் நாங்கள் செய்த முதல் பிழையைத்தான் முதலில் சொல்ல வேண்டும். அவவுக்குப் பைத்தியம் இல்லை என்று நிரூபிக்க வெளிக்கிட்டோம். இரண்டாம் நாள் வார்ட்டில் நின்று, "சமைக்கிறா, சீட்டுக் கணக்கு ஒரு சதம் பிசகாமல் பார்க்கிறா, இவவுக்கு என்ன வருத்தம்?" என்று நான் சத்தம் போட்டேன். இளம் டொக்டர் தலையாட்டினார், ஏதோ எழுதினார். சின்னம்மா அழுதா, கோபப்பட்டா, வாசலுக்கு நடந்தா. எல்லாவற்றையும் எழுதினார்கள். அழுதால் ஒரு குறி, கோபப்பட்டால் இன்னொரு குறி, பேசாமல் இருந்தால் அதுவும் ஒரு குறி. அன்றிரவு ஊசி போட்டார்கள்.

மறுநாள் காலை தேத்தண்ணி கொண்டுபோய்க் கொடுத்தேன். தாடை இறுகி ஒரு பக்கம் இழுத்திருந்தது. கை நடுங்கி, ரம்ளர் விளிம்பு பல்லில் டக் டக் என்று அடித்தது. பாதித் தேத்தண்ணி சட்டையில். "பிள்ளை, என்ர நாக்கு என்ர சொல் கேக்குதில்லை" என்றா. பதினைந்து வருசமாகக் கூட்டத்தில் ஒலிவாங்கி இல்லாமல் பேசின மனிசி.

கட்டிலில் வைத்துவிட்டுப் போன ரிக்கற்றை, நோயாளியைப் பற்றி டொக்டர்மார் எழுதும் குறிப்பை, நான் அப்போதுதான் வாசித்தேன். ஆங்கிலத்தில் இருந்ததன் சாரம் இதுதான்: மகன் உயிரோடு இருப்பதாக உறுதியாக நம்புகிறார், மகனைக் கொண்டுபோனவர்கள் இன்னார் என்று சொல்கிறார், தொடர்ந்து முறைப்பாடு எழுதுகிறார். அதற்குக் கீழே, மாயநம்பிக்கை என்ற பொருளில் ஒரு சொல். உடலைக் காட்டாத பிள்ளையை உயிரோடு இருப்பதாக நினைக்காமல் ஒரு தாய் வேறு என்ன நினைப்பாள்? ஊரில் எத்தனை வீட்டில் இன்றைக்கும் அப்படி ஒரு கோப்பை சோறு எடுத்து வைக்கிறார்கள்!

இதைத் திருப்பியது கோட்டடியில் இருக்கும் ஒரு பெண் லோயர். "இனி ஒருத்தரிட்டையும் சின்னம்மாக்கு வருத்தம் இல்லை எண்டு சொல்லாதேங்கோ. உண்மையில வருத்தம் இருந்தாலும் இப்பிடிக் கொண்டுபோய் வைக்க ஏலாது. ஆற்ற கையெழுத்தில, எந்தக் கட்டளையில வைச்சிருக்கினம்? அதை மட்டும் கேளுங்கோ" என்றார்.

இலங்கையில் மனநோய் என்று ஒருவரை ஆஸ்பத்திரியில் வைப்பதற்கு இருக்கும் சட்டம் 1873இல் வெள்ளைக்காரன் காலத்தில் வந்தது, 1956இல் திருத்தப்பட்டது. அந்தப் பழைய சட்டம்கூட ஒருவரின் சித்தம் பற்றி மாவட்ட நீதிமன்றம் விசாரிக்க ஒரு வழி வைத்திருக்கிறது. பொலிஸ் கைது செய்திருந்தால் 24 மணித்தியாலத்துக்குள் நீதவான் முன் கொண்டுபோக வேண்டும். தானாக வந்து சேர்ந்திருந்தால், வெளியே போகத் தானாகக் கேட்கலாம். ஆகவே ஆஸ்பத்திரிக்கு ஒரு கடிதத்தில் மூன்றே கேள்வி எழுதினோம். அவர் கைது செய்யப்பட்டவரா, ஆமென்றால் எந்த நீதவான்? தன் விருப்பத்தில் சேர்ந்தவரா, ஆமென்றால் கையெழுத்து எங்கே? இரண்டும் இல்லையென்றால் யாருடைய கட்டளை? ஒரு பிரதி பதிவுத் தபாலில் போனது. மற்றதை நேரில் கொண்டுபோனேன். எங்கள் பிரதியில் பெற்றுக்கொண்டதற்கு சீல் குத்த ஒருவரும் முன்வரவில்லை. காலை ஒன்பதிலிருந்து இரண்டு மணி வரை அந்த வாங்கிலேயே இருந்தேன். கடைசியில் குத்தினார்கள்.

அதே நாள் மனித உரிமைகள் ஆணைக்குழுவின் பிராந்திய அலுவலகத்தில் தமிழிலேயே முறைப்பாடு கொடுத்தோம். 1996ஆம் ஆண்டின் 21ஆம் இலக்கச் சட்டத்தின்படி, தடுத்து வைத்திருக்கும் இடங்களைப் போய்ப் பார்க்க அவர்களுக்கு அதிகாரம் உண்டு. லோயர் இன்னொன்றும் சொன்னார்: அடிப்படை உரிமை வழக்கை உயர் நீதிமன்றத்தில் ஒரு மாதத்துக்குள் போட வேண்டும், ஆனால் அந்த ஒரு மாதத்துக்குள் ஆணைக்குழுவில் முறைப்பாடு கொடுத்தால், அங்கே விசாரணை நடக்கும் காலம் கணக்கில் வராது. இதைத் தெரியாமல் நாளைக் கடத்திவிட்டு நிற்கும் குடும்பங்களைப் பார்த்திருக்கிறேன்.

சின்னம்மாவைப் போலப் பிள்ளையைத் தேடும் மற்றத் தாய்மார் தங்களுக்குள் முறை போட்டு, ஒவ்வொரு நாளும் இரண்டு பேர் பார்வையாளர் நேரத்துக்கு வந்தார்கள். மூதூரிலிருந்து ஒரு உம்மா பஸ் ஏறி வந்து, கட்டில் காலடியில் இருந்து கால் பிடித்துவிட்டா. வார்ட்டில் வேலை செய்கிறவர்கள் பார்த்துக்கொண்டு இருந்தார்கள். பின்னாளில்தான், 1970இல் சோவியத் ஒன்றியத்தில் ஷோரெஸ் மெத்வெதேவ் என்ற உயிரியல் விஞ்ஞானியை வீட்டிலிருந்து இழுத்துப் போய்க் கலூகா மனநல ஆஸ்பத்திரியில் அடைத்ததை வாசித்தேன். இரட்டைச் சகோதரர் ரோய் ஆளைத் திரட்டினார், விஞ்ஞானிகளும் எழுத்தாளர்களும் விடாமல் கேட்டார்கள். 19 நாளில் விட்டார்கள். கேட்க ஆள் இல்லாதவர்கள் வருசக் கணக்கில் கிடந்தார்கள். அங்கே 'மந்தகதி ஸ்கிசோஃப்ரேனியா' என்று ஒரு நோயே வைத்திருந்தார்கள். சமூகத்தைத் திருத்த நினைப்பதும் நீதி கேட்டு ஓயாமல் எழுதுவதும் அதன் குறிகள். அந்த வரிகளை வாசித்தபோது சின்னம்மாவின் ரிக்கற் கண்ணுக்கு முன் வந்தது.

ஐந்தாம் நாள் ஆணைக்குழு அதிகாரி வந்து கோப்பைக் கேட்டார். அதில் சின்னம்மா தன் விருப்பத்தில் சேர்ந்ததாக ஒரு படிவம் இருந்தது. கீழே பெருவிரல் அடையாளம். நாங்கள் ஒருவரை ஒருவர் பார்த்தோம். பத்தாம் வகுப்பு படித்தவ, நூற்றுக்கணக்கான மனுவில் வடிவாகக் கையெழுத்து வைத்தவ! ஊசி போட்டுக் கிடந்த இரவில் யாரோ விரலைப் பிடித்து வைத்திருக்கிறார்கள்.

எட்டாம் நாள் மூத்த மனநல வைத்தியர் ஒருவர் வந்தார். சிங்களவர், தமிழ் தட்டுத்தடுமாறித்தான் வரும். எல்லாரையும் வெளியே அனுப்பிவிட்டு, ஒரு மணித்தியாலத்துக்கு மேல் கதிரை போட்டு இருந்து கதைத்தார். மகனுக்கு என்ன சாப்பாடு பிடிக்கும் என்றுதான் முதலில் கேட்டாராம். பிறகு எழுதினார்: துயரம் இருக்கிறது, அதற்குக் காரணம் இருக்கிறது, கட்டாயத்தில் வைத்திருக்கக் காரணம் இல்லை. சோவியத் காலத்தில், அரசை எதிர்த்துப் பேசினதற்காக மனநல ஆஸ்பத்திரியில் அடைக்கப்பட்ட ஜெனரல் கிரிகொரென்கோவுக்குப் பைத்தியம் இல்லை என்று எழுதினதற்காகச் செமியோன் குளுஸ்மன் என்ற இளம் டொக்டர் ஏழு வருசம் சிறை முகாமில் இருந்தார். எங்கள் டொக்டருக்கு அப்படி எதுவும் நடக்கவில்லை என்றுதான் நம்புகிறேன். அவர் பெயரைச் சொல்லி நன்றி சொல்ல ஆசை, ஆனால் சொல்லப் பயமாக இருக்கிறது.

ஒன்பதாம் நாள் துண்டு வெட்டி வீட்டுக்கு விட்டார்கள். ஓகஸ்ட் 30 போயே போய்விட்டது. அவ்வளவுதான் அவர்களுக்குத் தேவைப்பட்டது என்று நான் நினைக்கிறேன். செருப்பும் சீலையும் திருப்பித் தந்தார்கள், படம் வரவில்லை. நோயின் ஆதாரமாகக் கோப்போடு சேர்த்துக் குத்தியிருந்தார்கள். நாலு மாதம் அலைந்து எடுத்தோம், மூலையில் ஸ்டேப்ளர் போட்ட இரண்டு ஓட்டையோடு.

கை நடுக்கம் நிற்க மூன்று கிழமை எடுத்தது. ஆணைக்குழு விசாரணை இன்னும் முடியவில்லை. சின்னம்மா திரும்பவும் மற்றத் தாய்மாரோடு ரோட்டோரப் போராட்டத்தில் போய் இருக்கிறா. மகனின் படத்துக்குப் பின்னால், அதே பிளாஸ்ரிக் உறைக்குள், அந்த டொக்டரின் கடிதப் பிரதியை மடித்து வைத்திருக்கிறா. ஜீப் வந்து நின்றால் முதலில் அதைத்தான் வெளியே எடுக்கிறா.