டிஎஸ்எச் 7.4

ஜூலை 10, 2024

மகளின் தைராய்டு ரத்தப் பரிசோதனை முடிவு வந்தது. டிஎஸ்எச் 7.4, இருக்க வேண்டியதைவிடக் கொஞ்சம் அதிகம். தைராய்டு சுரக்கும் ஹார்மோனான ஃப்ரீ டி4 சரியான அளவில்தான் இருக்கிறது. காய்ச்சல் விட்டு இரண்டு வாரமாகியும் சோர்ந்தே கிடக்கிறாளே என்றுதான் எடுத்தோம். நாலாம் வகுப்பு. ஆறாம் வாய்ப்பாட்டைத் தாண்டினால் எதுவும் மனதில் நிற்பதில்லை. அந்த எண்ணைப் பார்த்ததும், "இதனால்தானா?" என்று மனது ஓடிவிட்டது. போன வாரம்கூடக் கணக்கு நோட்டை வைத்துக்கொண்டு அவளைத் திட்டினேன். தூக்கம் வரவில்லை.

ஜூலை 13

டாக்டர் முதலில் உயரம்தான் அளந்தார். போன வருஷத்து அளவோடு ஒப்பிட்டார், ஒழுங்காக வளர்ந்திருக்கிறாள். கழுத்தைத் தடவிப் பார்த்தார். மலச்சிக்கல் உண்டா, குளிர் தாங்குகிறாளா என்று கேட்டார். அப்புறம், "மாத்திரை இப்போ வேண்டாம்மா, மூணு மாசம் கழிச்சுப் பார்ப்போம்" என்றார்.

எனக்கு ஏமாற்றம். மாத்திரை என்றால் ஏதோ செய்கிறோம் என்றாவது இருக்குமே. அவர் பொறுமையாக விளக்கினார். டிஎஸ்எச் தைராய்டில் சுரப்பதில்லை. மூளையின் அடியில் உள்ள பிட்யூட்டரி சுரப்பி தைராய்டை வேலை வாங்க அனுப்புவது. இவளுக்குக் கொஞ்சம் அதட்டி வாங்குகிறது, ஆனால் வேலை நடக்கிறது, டி4 குறையவில்லை. காய்ச்சலிலிருந்து தேறும்போதும் இப்படி ஏறுமாம். பிறவியிலேயே தைராய்டு சுரக்காத குழந்தை என்றால் கதையே வேறு. முதல் இரண்டு வாரத்துக்குள் மருந்து தொடங்கிவிட வேண்டும், மூளை வேகமாக வளரும் காலம் அது. உடலே தன் தைராய்டைத் தாக்குகிறதா என்று பார்க்கும் ஆன்டிபாடி பரிசோதனைக்கு மட்டும் ரத்தம் கொடுத்தோம்.

ஜூலை 16

ஆன்டிபாடி இல்லை. நிம்மதி.

அமெரிக்காவில் 13 முதல் 16 வயதுப் பிள்ளைகளிடம் செய்த ஆய்வு ஒன்று 2006இல் வந்திருக்கிறது. இவளைப் போல லேசான குறைபாடு இருந்தவர்கள் வாசிப்பிலும் கட்டை அடுக்கும் சோதனையிலும் மற்றவர்களைவிடக் குறைவாக வாங்கவில்லை. கொஞ்சம் கூடவே வாங்கியிருந்தார்கள். இவள் வயது வேறு, ஒரே ஆய்வை வைத்து எல்லாம் சொல்லிவிட முடியாது. ஆனாலும் இரண்டு முறை படித்தேன்.

ஜூலை 21

தைராய்டு வேலை செய்ய அயோடின் வேண்டும் என்பதால், வீட்டில் என்ன உப்பு என்று டாக்டர் கேட்டிருந்தார். தூத்துக்குடியில் இதென்ன கேள்வி? அத்தை கல்லுப்பைத் தவிர வேறு தொடமாட்டார். "கடல் உப்புல இல்லாத அயோடினா?" என்றார். கடல் நீரைக் காய்ச்சி எடுக்கும் உப்பில் அயோடின் ஏறக்குறைய இல்லை, தனியாகத்தான் சேர்க்க வேண்டும் என்பது எனக்கும் இப்போதுதான் தெரியும்.

கிராம சுகாதார செவிலியர் அக்காவிடம் உப்பில் அயோடின் இருக்கிறதா என்று பார்க்கும் சோதனை மருந்து இருந்தது. தட்டில் இரண்டு சிட்டிகை உப்பு, ஒவ்வொன்றிலும் ஒரு சொட்டு. பாக்கெட் உப்பு சட்டென்று கத்தரிப்பூ நிறமானது. எங்கள் கல்லுப்பு வெள்ளையாகவே கிடந்தது. அத்தை குனிந்து கொஞ்ச நேரம் பார்த்தார். "சரி, ஊறுகாய்க்கு மட்டும் இது இருக்கட்டும்" என்றார்.

அக்டோபர் 19

டிஎஸ்எச் 5.3. டி4 அப்படியே. இறங்கியது உப்பாலா, காய்ச்சல் முழுதாகத் தீர்ந்ததாலா என்று சொல்ல முடியாது என்றார் டாக்டர். மாத்திரை இல்லை. ஆறு மாதம் கழித்து இன்னொரு முறை.

கணக்கு இன்னும் தடுமாற்றம்தான். அதைத் தைராய்டின் தலையில் கட்ட எனக்கு இனி மனமில்லை. தினமும் சமையலறையில் உட்கார்ந்து பேசிப்பேசிப் படிக்கிறோம். இன்று ஏழெட்டில் நின்றுவிட்டாள். "யோசி கண்ணு" என்று சொல்லிவிட்டு அரிசி களைந்துகொண்டிருந்தேன். மூன்றாவது தண்ணீர் ஊற்றும்போது பின்னாலிருந்து, "அம்பத்தாறு!"