நாலாவது வகுத்தலில் வந்த பூஜ்யம்

4294967297. வாய்விட்டுச் சொன்னால் நானூற்று இருபத்தொன்பது கோடியே நாற்பத்தொன்பது லட்சத்து அறுபத்தேழாயிரத்து இருநூற்றுத் தொண்ணூற்றேழு. போன வாரம் ஒரு ராத்திரி இந்த எண்ணை நோட்டில் எழுதி, கால்குலேட்டரைத் தொடாமல் நாலு முறை வகுத்தேன். விடை பல வருஷமாகத் தெரிந்ததுதான். ஆனாலும் நாலாவது தடவை மீதி பூஜ்யம் என்று வந்து நின்றபோது உடம்பு சிலிர்த்தது.

2-இன் 32-ஆம் அடுக்கோடு 1 கூட்டினால் வருவது இது. அடுக்கை 1, 2, 4, 8, 16 என்று இரட்டித்துக்கொண்டே போனால் 3, 5, 17, 257, 65537 கிடைக்கும். ஐந்தும் பகா எண்கள். வரிசை முழுக்க இப்படித்தான் இருக்கும் என்று 1640-இல் பிரெஞ்சுக் கணிதர் ஃபெர்மா நம்பினார். நிரூபணம் தன்னிடம் இல்லை என்றும் மறைக்காமல் எழுதினார். ஆறாவது எண் அந்த நம்பிக்கையை உடைத்தது. 1732-இல் சுவிஸ் கணிதர் ஆய்லர் காட்டினார்: 641 × 6700417.

2, 3, 5, 7 என்று ஒவ்வொரு பகா எண்ணாக வகுத்துக்கொண்டு போனால் 641 வருவது 116-ஆவது இடத்தில். எனக்கு நாலு எப்படிப் போதுமானது?

p என்ற பகா எண் இதை மீதியின்றி வகுக்கிறது என்று வையுங்கள். 2-இன் அடுக்குகளை p-ஆல் வகுத்து மீதியைப் பார்த்தால், 32-ஆம் அடுக்கில் மீதி −1 (அதாவது p-க்கு ஒன்று குறைவு). அதை வர்க்கப்படுத்தினால் 64-ஆம் அடுக்கில் மீதி 1. அதற்கு முன்னால் எங்கும் 1 வர வழியில்லை. ஆக மீதிகள் 64 படிக்கு ஒருமுறை சுழல்கின்றன; p − 1-ஆம் அடுக்கிலும் மீதி எப்போதும் 1 என்பதால், p − 1 என்பது 64-இன் மடங்காகத்தான் இருக்க வேண்டும். ஆய்லரே பின்னாளில் நிரூபித்த விஷயம் இது. எத்தனை தடவை படித்தாலும் எனக்கு அலுக்காத வாதம்.

65, 129, 193... என்று 641 வரை பத்தே எண்கள். அதில் பகா எண்கள் 193, 257, 449, 577, 641. இந்த ஐந்தில் 257-ஐயும் தள்ளிவிடலாம். 3 × 5 × 17 × 257 × 65537 பெருக்கிப் பாருங்கள்: 4294967295. நம் எண்ணுக்குச் சரியாக இரண்டு குறைவு. 257 இரண்டையும் வகுத்தால் அந்த 2-ஐயும் வகுத்தாக வேண்டும், நடக்காது.

193: மீதி 109. 449: மீதி 325. 577: மீதி 288. 641: பூஜ்யம்.

இன்னொன்றும் சொல்லாமல் இருக்க முடியவில்லை. இந்த எண் 65536-இன் வர்க்கமும் 1-உம் சேர்ந்தது என்பது பார்த்ததுமே தெரிகிறது. 62264-இன் வர்க்கத்தோடு 20449-இன் வர்க்கத்தைக் கூட்டினாலும் இதே எண்தான். பகா எண் எதையும் இப்படி இரண்டு விதமாக இரு வர்க்கங்களாகப் பிரிக்க முடியாது. காரணியே தேடாமல் இது பகு எண் என்று சொல்லிவிடலாம். அந்த 20449-ஓ, 143-இன் வர்க்கம்!

இப்போது 6700417 பகா எண்தானா என்று கையாலேயே பார்த்துக்கொண்டிருக்கிறேன். அதன் வர்க்கமூலம் 2588-ஐச் சற்றே தாண்டுகிறது. அதுவரை அதே 64-இன் பட்டியலில் (நடுவில் 1729 வந்து போகிறது, அது பகு எண்) சோதிக்க வேண்டியவை 641, 769, 1153, 1217, 1409, 1601, 2113. முதல் இரண்டு முடிந்தன, மீதி 44, 120. இன்னும் ஐந்து பாக்கி.