மழையில் போன கல் யார் கணக்கு?

காரைக்குடிக்குப் பக்கத்தில் ஒரு கல்லூரியில் பி.காம். மாணவர்களுக்கு அடக்கவிலைக் கணக்கியல் எடுக்கிறேன். பிற்பகல் இரண்டு மணி வகுப்பைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். நான் கரும்பலகையில் கணக்கைப் போடப் போட, அறுபது பேரும் அப்படியே எழுதிக்கொள்வார்கள். தேர்வில் ஓர் எண்ணை மாற்றிக் கேட்டால் பேனா நின்றுவிடும்.

தலைகீழ் வகுப்பறை என்ற முறையை ஒரு பயிலரங்கில் கேள்விப்பட்டேன். பாடத்தை வீட்டில் காணொளியாகப் பார்த்துவிட்டு வர வேண்டும். கணக்கை வகுப்பில் போட வேண்டும். அமெரிக்காவின் கொலராடோவில் ஜொனாதன் பெர்க்மன், ஆரன் சாம்ஸ் என்ற இரு வேதியியல் ஆசிரியர்கள், வகுப்பைத் தவறவிட்ட மாணவர்களுக்காக 2007-இல் பாடங்களைப் பதிவு செய்யப்போய்ப் பிரபலமான வழக்கம் இது.

நானும் 25 நிமிடத்துக்கு ஒரு காணொளி எடுத்தேன். பார்த்தவர்கள் ஒன்பது பேர். வந்த கோபத்தில் முழுப் பாடத்தையும் மறுபடி நடத்தினேன். அதுதான் நான் செய்த பெரிய தவறு. பார்த்துவிட்டு வந்த ஒன்பது பேரும் ஏமாளிகளானார்கள்; அடுத்த வாரம் அவர்களும் பார்க்கவில்லை.

விசாரித்தால், பல வீடுகளில் ஒரே கைபேசி. தேவகோட்டை, கல்லல் பக்கத்துப் பிள்ளைகளுக்குப் பஸ்ஸில்தான் நேரம். ஏழு நிமிடமாகக் குறைத்து, காதால் கேட்டாலே புரியும்படி பேசினேன். வகுப்புக்குள் நுழைந்ததும் துண்டுத்தாளில் ஒரே ஒரு கேள்வி, மதிப்பெண் கிடையாது. பார்க்காதவர்கள் கடைசி பெஞ்சில் உட்கார்ந்து பார்த்துவிட்டு வரலாம். நான் மட்டும் திரும்ப நடத்த மாட்டேன்.

இந்தப் பிடிவாதம் பலித்தது 'இயல்பான இழப்பு, இயல்பற்ற இழப்பு' பாடத்தில். தவிர்க்க முடியாத சேதாரத்தின் செலவு நல்ல சரக்கின் தலையில் ஏறும். எதிர்பாராத சேதாரம் தனியே பிரிந்து லாப நட்டக் கணக்குக்குப் போகும். ஆண்டுக்கணக்காக ரசாயன ஆலைக் கணக்கையே போட்டுவந்த நான், அன்று எங்கள் பக்கத்தில் சிமென்டில் கையால் வார்க்கும் ஆத்தங்குடித் தரைக்கல்லை வைத்துக் கணக்குக் கொடுத்தேன். நூற்றுக்கு ஐந்து கல் இயல்பான சேதாரம் என்று எழுதியிருந்தேன்.

கல் வார்க்கும் வீட்டுப் பெண் ஒருத்தி எழுந்தாள். "உடைவதை மட்டும் கணக்கில் எடுத்திருக்கிறீர்கள், சார். கண்ணாடி மேல்தான் கல்லை வார்ப்போம்; பூப்போட்ட முகம் அதை ஒட்டிக் கீழே இருக்கும். சாயத்தை ஊற்றும்போது கை பிசகியிருந்தால், கல்லைப் பிரித்தெடுக்கும்போதுதான் தெரியும். அது எதில் சேரும்?"

அதற்குள் பின்னாலிருந்து இன்னொருவன்: "கல் காயச் சூளை கிடையாது, வெயில்தான். ஐப்பசி மழையில் போன கல்?"

ஐப்பசியில் மழை பெய்வது ஊரறிந்த விஷயம், எனவே இயல்பானது என்று பாதி வகுப்பு. பத்து நாள் விடாமல் பெய்தால் அதுவும் இயல்பா என்று மீதி வகுப்பு. வாயைத் திறக்காமல் இருபது நிமிடம் நின்றேன். வாத்தியாருக்கு அதைவிடத் தண்டனை இல்லை. பக்கத்து அறையிலிருந்து சத்தம் பற்றிப் புகார் வேறு வந்தது.

பாடத்திட்டம் முழுவதையும் இப்படி நடத்த எனக்கு நேரமில்லை. பாதியைப் பழையபடிதான் ஓட்டுகிறேன்.

மறுநாள் அந்தப் பெண் துண்டுத்தாளின் பின்பக்கத்தில் எழுதிக் கொடுத்தாள்: "அப்பாவிடம் கேட்டேன், சார். ஐப்பசி, கார்த்திகையில் எத்தனை கல் போகும் என்று பார்த்துத்தான் விலையே பேசுவார்களாம். அதற்கு மேல் போனால் கைக்காசுதானாம்."