பூவரசு மரத்தடி நாட்குறிப்பு

2020 ஜூன் 22, திங்கள்

கொரோனாவால் மார்ச்சில் மூடிய பள்ளி இன்னும் திறக்கவில்லை. எப்போது திறக்கும் என்று வழியில் பார்க்கிற பிள்ளைகளெல்லாம் கேட்கிறார்கள். எனக்கும் தெரியவில்லை என்றுதான் சொல்ல முடிகிறது.

எங்கள் ஊர் ராமநாதபுரம் மாவட்டத்தில், மண்டபத்துக்கும் உச்சிப்புளிக்கும் நடுவில், தென்கடல் பக்கம். ஆண்கள் வல்லம் என்கிற நாட்டுப்படகில் மீன்பிடிக்கப் போகிறவர்கள். பெண்கள் பலர் கடல்பாசி எடுக்கிறவர்கள், மற்றவர்கள் ஓலைப்பெட்டி முடைகிறவர்கள். நான் பக்கத்து நடுநிலைப் பள்ளியில் பகுதிநேர ஓவிய ஆசிரியை.

சனிக்கிழமை ஏழாம் வகுப்புப் பையன் ஒருவனைக் கரையில் பார்த்தேன். உட்கார்ந்து வலையிலிருந்து நண்டு கழற்றிக்கொண்டிருந்தான். மூன்று மாதத்தில் கை பழகிவிட்டது, விரலெல்லாம் கீறல். "பள்ளிக்கூடம் திறந்தா வருவியா?" என்று கேட்டேன். தலை நிமிராமல் "பாப்போம் டீச்சர்" என்றான். அந்தப் 'பாப்போம்' இரண்டு நாளாக என்னைத் தூங்கவிடவில்லை.

அதனால் இன்று தொடங்கிவிட்டேன். எங்கள் வீட்டுக்குப் பின்னால் இருக்கிற பெரிய பூவரசு மரத்தடியில் ஒன்பது பிள்ளைகள், தள்ளித் தள்ளி உட்கார்ந்து, முகத்தில் துணி கட்டிக்கொண்டு. சார்ட் அட்டை, வண்ணப் பேப்பர் எதுவும் கிடையாது. என்னிடம் இருப்பது நான்கு கத்தரிக்கோல். ஊரில் எல்லா வீட்டிலும் இருக்கிற பொருள் பனை ஓலை, சரி, அதிலேயே ஆரம்பிப்போம் என்று ஓலைக் கிளி ஒன்று செய்து நடுவில் வைத்தேன்.

எல்லோரும் அதைப் பார்த்துப் பார்த்துச் செய்தார்கள். முடிந்ததும் காட்டச் சொன்னபோது மூன்றாம் வகுப்புச் சிறுமி ஒருத்தி கையை முதுகுக்குப் பின்னால் கொண்டுபோய்விட்டாள். "உங்களுது மாதிரி வரல டீச்சர்." வாங்கிப் பார்த்தேன். கழுத்து நீண்டு, வால் குட்டையாகி, அசல் கொக்காக இருந்தது. அழகான கொக்கு. ஆனால் நடுவில் என் கிளி உட்கார்ந்திருக்கும் வரை அது அவளுக்குத் தோற்றுப்போன கிளிதான்.

இனி மாதிரி செய்து வைப்பதில்லை.

ஜூலை 3, வெள்ளி

மாதிரி இல்லாமல் உட்கார்ந்தால் பிள்ளைகளுக்குக் கை ஓடவில்லை. "என்ன செய்ய டீச்சர்?" என்று அரை மணி நேரம் என் முகத்தையே பார்த்தார்கள். பள்ளிக்கூடத்தில் நாமே இப்படிப் பழக்கிவைத்திருக்கிறோம். ஆப்பிள் வரை என்று சொல்லி, ஆப்பிளைப் பலகையில் வரைந்தும் கொடுத்துவிடுகிறோம். இந்தக் கரையில் ஆப்பிளைத் தினம் பார்க்கிற பிள்ளை யார்?

கடைசியில் ஒருவன் பூவரசு இலையைச் சுருட்டிப் பீப்பீ ஊதினான். அவ்வளவுதான், அப்புறம் யாரும் என்னைக் கேட்கவில்லை. நுங்கு தின்றதும் மிஞ்சுகிற பனங்காய்க் கூட்டைக் குச்சியில் கோத்து வண்டி வந்தது. ஓலைப் பாம்பு வந்தது. நண்டு கழற்றும் பையன் இன்றும் வரவில்லை.

ஜூலை 16, வியாழன்

கச்சான் காற்று மதியத்தில் ஆளைத் தள்ளுகிறது. இன்று காத்தாடி.

இரண்டு ஓலைத் துண்டைக் குறுக்காகக் கோத்து, நடுவில் கருவேல முள்ளைக் குத்தி, முள்ளை எருக்கங்குச்சியில் செருகினால் முடிந்தது. சொல்வதற்குச் சுலபம். ஒன்பதில் ஆறு சுற்றவில்லை.

எட்டாம் வகுப்புப் பெண்ணின் காத்தாடி வெடவெடவென்று நடுங்கியதே தவிர சுற்றவில்லை. "சுத்த மாட்டேங்குது டீச்சர்" என்று நீட்டினாள். வாங்கிச் சரிசெய்யக் கை பரபரத்தது. அடக்கிக்கொண்டு, "காத்து எங்கிட்டு இருந்து வருது? அது உள்ள வந்து எங்கிட்டுப் போகுது?" என்று மட்டும் கேட்டேன். காத்தாடியை முகத்துக்கு நேரே பிடித்து வெகுநேரம் பார்த்தாள். இரண்டு இறக்கையை ஒரு பக்கமும் மற்ற இரண்டை எதிர்ப்பக்கமும் முறுக்கியிருந்தாள். காற்று ஒன்றைத் தள்ள, அடுத்தது அதைத் தடுத்தது. அதை அவளே கண்டுபிடித்து, நான்கையும் ஒரே பக்கமாக முறுக்கினாள். அப்போதும் சிக்கியது. முள் குத்திய ஓட்டை இறுக்கம். முள்ளை எடுத்து, ஓட்டையில் விட்டு இரண்டு சுற்றுச் சுற்றி இளக்கிவிட்டு மறுபடி மாட்டினாள்.

'விர்'ரென்று ஒரு சத்தம். இறக்கை கண்ணுக்குத் தெரியாமல் வட்டமாகிவிட்டது. அவள் கத்தவில்லை, ஓடவில்லை. காத்தாடியைத் திருப்பித் திருப்பி, எந்தக் கோணத்தில் வேகம் கூடுகிறது, எதில் நிற்கிறது என்று பார்த்துக்கொண்டே கடலை நோக்கி நடந்து போனாள். அந்த நடையை நான் மறக்க மாட்டேன்.

ஆகஸ்ட் 4, செவ்வாய்

கல்வித் தொலைக்காட்சியில் பாடம் ஓடுகிறது. டிவி இருக்கிற வீட்டில் பார்க்கிறார்கள். செல்போன் ஒன்றுதான் இருக்கிற வீட்டில் அது அப்பாவோடு கடலுக்குப் போய்விடுகிறது. பாடத்தை நான் குறை சொல்லவில்லை. ஆனால் நாள் முழுக்கப் பார்த்துக்கொண்டு மட்டும் இருக்கிற பிள்ளையின் கை சும்மா இருக்கிறது, அதுதான் என் கவலை.

இன்று கரையில் ஒதுங்கிய ரப்பர் செருப்புகளைப் பொறுக்கினோம். அரைச் சாக்கு. எல்லாம் ஒற்றைச் செருப்பு. கழுவி, வெயிலில் காயவைத்து, வெட்டிப் படகு செய்தோம்.

நண்டு கழற்றும் பையன் வந்தான்! கடலில் காற்று அதிகம் என்பதால் அப்பா போகவில்லையாம். ஓரமாக நின்று பார்த்தான். மற்றவர்களுடைய படகெல்லாம் பாயை மாட்டியதும் தண்ணீரில் கவிழ்ந்தன. அவன் ஒன்றும் பேசாமல் சட்டைப் பையிலிருந்து பழைய வலையின் ஈயக்குண்டு ஒன்றை எடுத்து, ஒரு படகின் அடியில் நடுவாகக் கீறி அமுக்கினான். நிமிர்ந்து நின்றது. ஓட்டத்தில் திசை மாறியது, உடனே பின்னால் ஒரு கீற்றைச் செருகிச் சுக்கான் வைத்தான். பாயைக் கொஞ்சம் சாய்த்துக் கட்டினான். அந்தக் குட்டையில் ஒரு செருப்புத் துண்டு குறுக்குக் காற்றில் நேராகப் போனதைப் பார்த்தேன்.

"யாருடா சொல்லிக்கொடுத்தது?"

"யாரும் இல்ல டீச்சர். வல்லத்துல இப்படித்தானே இருக்கும்."

எழுத்துக்கூட்டி வாசிக்கத் தடுமாறுகிறவன் என்றுதான் இத்தனை நாள் அவனை எனக்குத் தெரியும்.

ஆகஸ்ட் 19, புதன்

சின்னவர்கள் ஐந்து பேர்தான். கிலுகிலுப்பை முடைந்தோம். உள்ளே கல்லுக்குப் பதில் சின்னச் சிப்பி போட்டால் சத்தம் மெல்லிசாக இருக்கிறது என்று ஒருத்தி சொன்னாள். உண்மைதான்.

முடையச் சொல்லிக்கொடுத்தது நான் அல்ல. நான்காம் வகுப்புப் பிள்ளையின் அப்பத்தா. எழுபது வயதுக்கு மேல் இருக்கும். ஓலையைத் தண்ணீர் தெளித்துப் பதப்படுத்துவது, ஈர்க்கு நீக்கி ஒரே அகலத்தில் வார்வது, மூலை திருப்புவது எல்லாம் பேச்சோடு பேச்சாக நடக்கிறது. "இதெல்லாம் ஒரு படிப்பாத்தா? இத விட்டுப் போகத்தானே புள்ளைகள பள்ளிக்கூடம் அனுப்புறோம்" என்றார். அந்தக் கேள்விக்கு நான் பதில் சொல்லவில்லை. கூலிக்குப் பெட்டி முடைந்து முதுகு வளைந்தவரிடம் கலை, கற்பனை என்று பேச எனக்கு வாய் வரவில்லை. ஆனால் பேத்தி அவர் மடியில் சாய்ந்து, "மூலைய இன்னொரு தடவ திருப்பு அப்பத்தா" என்று கேட்டபோது அவர் முகம் மலர்ந்ததைப் பார்த்தேன்.

செப்டம்பர் 10, வியாழன்

கொக்கு செய்த சிறுமி இன்று ஒரு பவளப்பாறைத் துண்டு கொண்டுவந்தாள். வெள்ளை வெளேரென்று, பூ வேலை செய்தது போல. அம்மா பாசி எடுக்கப் போன இடத்தில் கிடைத்ததாம். தான் செய்யும் ஓலை வீட்டுக்கு வாசல்படியாக வைக்கப் போகிறாளாம்.

என்ன சொல்வது என்று யோசித்தேன். சட்டப்படி எடுக்கக் கூடாது என்று சொல்லி முடித்திருக்கலாம். பிடுங்கியது போல ஆகிவிடும். எல்லோரையும் உட்காரவைத்துச் சொன்னேன். இது கல் இல்லை, ரொம்பச் சின்ன உயிர்கள் கூட்டமாகக் கட்டிய வீடு. மன்னார் வளைகுடாவில் இப்படி வளர்ந்த பாறைகளோடு 21 தீவுகள் இருந்தன. ஒரு காலத்தில் சுண்ணாம்புக்கும் கட்டடத்துக்கும் பாறையை வெட்டி எடுத்தார்கள். அவற்றில் இரண்டு தீவுகள் மூழ்கியே போய்விட்டன. 1986-இல் தேசியப் பூங்கா என்று அறிவித்துக் காப்பாற்றுவது அதற்காகத்தான். மீன் குஞ்சு வளர்கிற இடம் அது. அப்பா கொண்டுவருகிற மீனுக்கும் அதற்கும் தொடர்பு உண்டு.

"அப்ப இது யாரோ வீடா?" என்றாள்.

ஆமாம் என்றேன். சாயங்காலம் அம்மாவோடு போய்த் தண்ணீரில் விட்டுவிட்டு வந்தாள். ஓலை வீட்டு வாசலுக்குச் செருப்பு ரப்பர்தான் படி. அதில் ஊசியால் குத்திக் குத்திப் பவளப்பாறையில் பார்த்த அந்தப் பூ வேலையைப் போட்டிருக்கிறாள்.

அக்டோபர் 6, செவ்வாய்

பிள்ளைகள் தூக்குப்பாலம் செய்யப் போகிறார்களாம். யோசனை அவர்களுடையது, என்னிடம் அனுமதி கூடக் கேட்கவில்லை. தென்னை ஈர்க்கு ஒரு கட்டு, தீப்பெட்டி, நைலான் நூல் எல்லாம் சேர்ந்துவிட்டது.

அக்டோபர் 15, வியாழன்

ஒன்பது நாள் ஆனது. எழுத நிறைய இருக்கிறது.

பாம்பன் ரயில் பாலத்தை இந்தப் பிள்ளைகள் பிறந்ததிலிருந்து பார்க்கிறார்கள். 1914-இல் திறந்தது, இரண்டு கிலோமீட்டருக்கு மேல் நீளம். கப்பல் வந்தால் நடுப்பகுதி இரண்டு கையாகப் பிரிந்து மேலே எழும். ஆட்கள் கையால் சுற்றித்தான் திறப்பார்கள். அவ்வளவு பெரிய இரும்பை மனிதர்கள் எப்படித் தூக்குகிறார்கள் என்பதுதான் பிள்ளைகளின் கேள்வி. அவர்கள் செய்த ஈர்க்குப் பாலத்தின் கையை நூலால் இழுத்தால் பாதி எழும்பி, பொத்தென்று விழுந்தது. நூலைத் தடிமனாக்கினார்கள். ஈர்க்கு ஒடிந்தது. இரண்டு நாள் இதே கதை. சண்டை வந்தது, ஒருவன் கோபித்துக்கொண்டு வீட்டுக்குப் போனான்.

மூன்றாம் நாள் நண்டுப் பையன், காத்தாடிப் பெண் இருவரும் ஒரு பக்கம் உட்கார்ந்து குசுகுசுவென்று பேசினார்கள். அப்புறம் தூக்கும் கையின் பின்முனையில், கீலுக்கு அந்தப்புறம், ஈயக்குண்டு கட்டினார்கள். ஒன்று. இரண்டு. நான்காவது குண்டு கட்டியதும் ஒரு விரலால் தொட்டாலே கை எழுந்தது, விட்ட இடத்தில் நின்றது. "கிணத்து ஏத்தம் மாதிரி டீச்சர்!" அசல் பாலத்திலும் எடைக்கு எடை வைத்துத்தான் தூக்குகிறார்கள் என்று அதற்குப் பிறகுதான் சொன்னேன்.

வேடிக்கை பார்க்க வந்த தாத்தா ஒருவர் 1964 டிசம்பர் புயலைச் சொன்னார். தனுஷ்கோடி போனது, பாலத்தின் பல கண்கள் கடலோடு போனது, தூக்குப்பாலம் மட்டும் நின்றது, பிறகு 46 நாளில் சரிசெய்து ரயில் விட்டது. அந்த வேலையை நடத்திய பொறியாளர் இ. ஸ்ரீதரன் என்று நான் சேர்த்துக்கொண்டேன். பிள்ளைகள் 46-ஐத் தங்கள் ஒன்பதோடு ஒப்பிட்டுப் பெருமைப்பட்டார்கள்.

இன்று கலாம் ஐயா பிறந்தநாள். பேக்கரும்பு நினைவிடம் பக்கம்தான், கூட்டிப்போக முடியாது. பாலத்தின் தலைமாட்டில் ஒரு செம்பருத்தி வைத்தார்கள்.

டிசம்பர் 5, சனி

புரெவி புயல் பாம்பனை ஒட்டி வந்து வலுவிழந்தது. காற்று பயந்த அளவுக்கு இல்லை, மழைதான் விடவில்லை. படகுகளையெல்லாம் முன்கூட்டியே கரையேற்றிவிட்டார்கள். யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை.

கொட்டகையில் வைத்திருந்த பொருள்கள் போய்விட்டன. ஓலை எல்லாம் ஊறிப் பூசணம். பாலத்தில் ஈயக்குண்டுகளும் நூலும் மிச்சம். பிள்ளைகள் அழுவார்களோ என்று நினைத்தேன். நண்டுப் பையன் குண்டுகளை எண்ணிப் பையில் போட்டுக்கொண்டான், அவ்வளவுதான். காத்தாடிப் பெண்தான் ரொம்ப நேரம் நின்றாள்.

பிறகு என்னிடம் வந்து, "டீச்சர், வலை பின்னக் கத்துக்கணும். இவன் அப்பா சொல்லித் தர்றேங்கிறாரு. ஊசி மட்டும் நாமளே செஞ்சுக்கணுமாம்" என்றாள்.

திங்கட்கிழமைக்குள் ஊசி செய்யக் காய்ந்த மூங்கில் வேண்டும். எதிர்வீட்டில் பழைய தட்டி ஒன்று கிடக்கிறது, கேட்டுப் பார்க்க வேண்டும்.