எடையைச் சத்தமாகப் படித்த மிஸ்ஸி

மலேசியாவில் சுங்கை சிப்புட் பக்கம் ஒரு சுகாதாரக் கிளினிக்கில் பல வருஷம் தாதியாக வேலை பார்த்தேன். பள்ளிகளுக்குப் போகும் குழுவில் நானும் ஒருத்தி. ஒன்றாம் ஆண்டு, ஆறாம் ஆண்டு, படிவம் 3 (15 வயது) பிள்ளைகளைப் பார்ப்போம். ஊசி போடுவது, கண் பார்ப்பது, உயரம் எடை அளப்பது எல்லாம் நடக்கும். தோட்டத்துப் பிள்ளைகளுக்கு நான் வெறும் 'மிஸ்ஸி'.

முதல் சில வருஷம் நான் எடை பார்த்த விதத்தை நினைத்தால் இன்றைக்கும் கூசுகிறது. பிள்ளை தராசில் ஏறும், நான் எண்ணைச் சத்தமாகச் சொல்வேன், மேசையில் இருப்பவர் எழுதிக்கொள்வார். வேலை சீக்கிரம் முடியும். ஆனால் வரிசையில் நிற்கும் 30 பேருக்கும் அது கேட்கும். ஒரு நாள் படிவம் 3 பிள்ளை ஒருத்தி ஏறினாள். "81" என்றேன். பின்னாலிருந்து "அரிசி மூட்டை" என்று ஒரு குரல், அப்புறம் சிரிப்பு. அவள் சப்பாத்தைக் கையில் எடுத்துக்கொண்டு வெளியே போய்விட்டாள். அந்த வாரம் அவள் பள்ளிக்கே வரவில்லை என்று பிறகு தெரிந்தது. அடுத்த பள்ளியிலிருந்து தராசைத் தடுப்புக்குப் பின்னால் வைத்தேன், எண்ணை நானே எழுதினேன். நேரம் இரண்டு மடங்கு ஆனது. முணுமுணுப்பும் கேட்டேன், பரவாயில்லை.

இரண்டு மூன்று வாரம் கழித்து அதே பிள்ளை அம்மாவோடு கிளினிக்குக்கு வந்தாள். எடைக்காக வரவில்லை. "கழுத்துல அழுக்கு போகவே மாட்டேங்குது மிஸ்ஸி. எலுமிச்சம்பழம், உப்பு, எல்லாம் போட்டுத் தேய்ச்சுட்டேன்" என்றார் அம்மா. பிடரியில் தோல் உரிந்து சிவந்திருந்தது, சுற்றிலும் வெல்வெட் துணி மாதிரி கறுப்பு. அது அழுக்கே இல்லை. உடம்பு இன்சுலின் பேச்சைக் கேட்காமல் போகும்போது, உடம்பே இன்னும் அதிகமாக இன்சுலினைச் சுரக்கிறது. அந்த மிகுதிதான் கழுத்திலும் அக்குளிலும் இப்படிக் கறுப்பாகத் தெரியும். அகாந்தோசிஸ் நிக்ரிகன்ஸ் என்பது மருத்துவப் பெயர். நம் வீடுகளில் எத்தனை பிள்ளைகளை இதற்காகத் திட்டித் தேய்த்திருக்கிறார்கள் என்று எண்ணிப் பார்த்தால் வயிறு எரிகிறது. டாக்டர் ரத்தம் எடுக்கச் சொன்னார். இனிப்புநீர் (நீரிழிவு) இன்னும் வரவில்லை, எல்லையில் நின்றது. பாட்டிக்கு ஏற்கெனவே இருக்கிறதாம்.

"சோறு கொஞ்சமாத்தான் சாப்பிடுவா" என்று அம்மா சத்தியம் செய்தார். உண்மைதான். குடிப்பதை யாரும் கணக்கில் சேர்க்கவில்லை. காலையில் கெட்டிப்பால் விட்ட மைலோ, ஓய்வு நேரத்தில் சிராப், மத்தியானம் ஒரு டின் பானம், சாயங்காலம் தேத்தண்ணி. 325 மில்லி டின்னில் மட்டும் ஏறக்குறைய 7 தேக்கரண்டி சீனி இருக்கும். 2019 ஜூலையில், 100 மில்லிக்கு 5 கிராமுக்கு மேல் சீனி உள்ள டின், போத்தல் பானங்களுக்கு அரசாங்கம் லிட்டருக்கு 40 காசு வரி போட்டது. நல்லதுதான். ஆனால் ஒட்டுக்கடையில் ஆற்றிக் கொடுக்கும் தேத்தண்ணிக்கும் வீட்டில் கலக்கும் மைலோவுக்கும் வரி ஏது?

கிளினிக் சுவரில் 'சூக்கு சூக்கு செபாரோ' தட்டுப் படம் ஒட்டியிருக்கும்: கால் பங்கு சோறு, கால் பங்கு மீனோ கோழியோ, பாதிக்குக் காய்கறி, பழம். நம் வீட்டுத் தட்டில் சோறு மலை மாதிரி, காய் ஓரத்தில் பொட்டு மாதிரி. அந்த அம்மாவிடம் ஒன்றே ஒன்றைத்தான் அழுத்திச் சொன்னேன்: இவளுக்கென்று தனியாகச் சமைக்க வேண்டாம். தனிச் சமையல் என்றால் பிள்ளைக்கு அது தண்டனை. லயத்துக் காலத்தில் இருட்டோடு எழுந்து பால்மரம் வெட்டப் போனவர்களுக்கு அந்தச் சோறு தேவைப்பட்டது. இவள் வேனில் ஏறிப் பள்ளிக்குப் போகிறாள். வீட்டுப் பின்னால் முருங்கை நின்றது, கங்கோங் கீரை விலையும் குறைவு. அப்பாதான் மசியவில்லை. "நாப்பது வருஷமா குடிக்கிற தேத்தண்ணி" என்றாராம்.

இன்னொன்று, வளரும் பிள்ளைகளைப் பெரியவர்கள் மாதிரி 'டயட்' போட்டு வாட்டக் கூடாது. உயரத்துக்கு எடை சரியா என்று காட்டும் பி.எம்.ஐ.யைக்கூட வயது, ஆண் பெண் பார்த்துத் தனி அட்டவணையில்தான் படிக்க வேண்டும். 12 வயதுப் பையனுக்கு எடை ஏறாமல் நின்றாலே பல சமயம் போதும், உயரம் வந்து சரிக்கட்டும். 15 வயதுப் பெண்ணுக்கு உயரம் பெரும்பாலும் முடிந்திருக்கும், அதனால் மெதுவாக இறக்க வேண்டும். அவளோ பையிலிருந்து ஒரு 'ஸ்லிம்மிங்' காப்பிப் பொட்டலத்தை எடுத்துக் காட்டினாள், போனில் வாங்கியதாம். இப்படிப்பட்ட சரக்குகளில் சிபுட்ராமின் கலந்திருப்பதைச் சுகாதாரத் துறை பலமுறை பிடித்திருக்கிறது. இருதயத்துக்கு ஆபத்து என்று 2010-லேயே சந்தையிலிருந்து எடுக்கப்பட்ட மருந்து அது. பொட்டலத்தை நானே வாங்கி வைத்துக்கொண்டேன்.

உடற்பயிற்சிதான் பெரிய தலைவலி. ஒரு நாளைக்கு 60 நிமிஷம் உடம்பு அசைய வேண்டும் என்கிறது உலகச் சுகாதார நிறுவனம். எங்கே அசைவது? தோட்டத்துப் பந்துத் திடல் இருந்த இடத்தில் வீடமைப்பு வந்துவிட்டது. இருட்டினால் பெண் பிள்ளையை வெளியே விடமாட்டார்கள். பள்ளியில் 'செகாக்' உடல்தகுதிச் சோதனைக்கு மூன்று நிமிஷம் பலகையில் ஏறி இறங்கச் சொல்லும்போதெல்லாம் இவள் கழிவறைக்குப் போய்விடுவாளாம், எல்லாரும் பார்ப்பார்கள் என்று. கடைசியில் அம்மாவையே கூட நடக்கச் சொன்னேன். கோயிலிலிருந்து செம்பனைப் பாதை வரைக்கும், நாய்க்கு ஒரு கம்போடு. முதலில் 15 நிமிஷம். ஒரு மாதத்தில் பக்கத்து வீட்டு அக்காள் இருவரும் சேர்ந்துகொண்டார்கள். எடை அப்போது அரைக் கிலோகூட இறங்கவில்லை, ஆனால் பிள்ளை இரவு பத்தரைக்கே தூங்கிவிடுகிறாள் என்றார் அம்மா. நான் அதைத்தான் கார்டில் எழுதினேன்.

ஒரு வருஷம் கழித்து பாசார் மாலாமில் (இரவுச் சந்தையில்) இருவரையும் பார்த்தேன். கையில் சோயாத் தண்ணி. சீனி போட்டதா என்று நான் கேட்கவில்லை. அம்மாவுக்குச் சந்தோஷம் தாங்கவில்லை, அத்தனை கூட்டத்திலும், "மிஸ்ஸி, இவ இப்ப எத்தனை கிலோ தெரியுமா?" என்று ஆரம்பித்தார்.

பிள்ளை அம்மாவின் கையைக் கிள்ளினாள். "ம்மா, மெதுவா."