கருமணலும் ஒரு பழைய ஸ்பீக்கர் காந்தமும்

நேற்று மணவாளக்குறிச்சி கடற்கரையில் அக்கா மகள் பழைய ஸ்பீக்கர் காந்தத்தை மணலில் இழுத்துக்கொண்டு நடந்தாள். பத்தடி போவதற்குள் காந்தத்துக்குக் கறுப்பு மீசை முளைத்துவிட்டது.

"மாமா, இத சுட்டா ஒட்டாதா?"

"மேக்னடைட்டுன்னா, அதாவது காந்தத்துல ஒட்டுற கறுப்பு இரும்புத் தாதுன்னா, 580 டிகிரி தாண்டணும் மக்கா."

"அப்போ அமுக்குனா?"

அங்கேதான் மாட்டிக்கொண்டேன், ஏனென்றால் அது நல்ல கேள்வி. முட்டத்துச் செம்மண்ணுக்குச் சிவப்பு கொடுக்கிற ஹேமடைட் என்கிற இன்னொரு இரும்புத் தாதுவை எடுத்துக்கொள்ளுங்கள். அதில் ஒவ்வொரு இரும்பு அயனியிலும் 5 எலக்ட்ரான்கள் தனித்தனியாக, ஒரே திசைச் சுழற்சியோடு இருக்கும். காந்தத்தன்மை அங்கிருந்துதான் வருகிறது. இரண்டு வைரங்களின் முனைகளுக்கு நடுவே ஒரு துகளை வைத்து இறுக்கினால், சுமார் 50 ஜிகாபாஸ்கலில், அதாவது காற்றழுத்தத்தைப் போல ஏறக்குறைய 5 லட்சம் மடங்கில், கதை மாறிவிடும். நாகர்கோவில் பஸ்ஸில் காலை நேரத்தில் ஒரு சீட்டில் இரண்டு பேர் உட்காருவது மாதிரி நான்கு எலக்ட்ரான்கள் ஜோடி சேரும், ஒன்றுதான் தனியாக மிஞ்சும். காந்த ஒழுங்கு போய்விடும். மின்சாரத்தை லேசில் கடத்தாத கல், உலோகம் மாதிரி கடத்த ஆரம்பிக்கும். எனக்குக் காந்தம் போவதைவிட இதுதான் பெரிய ஆச்சரியம்.

பஸ் கதை அவளுக்குப் புரிந்தது. அப்புறம் வீட்டில் அக்காவிடம் எனக்குத்தான் திட்டு. காந்தத்தில் ஒட்டிய மணல் முழுக்கத் துவைத்த துணி மேல்.