சேஞ்ச்அப்பை யாருக்கு வீசுவது, எங்கே வீசுவது

மார்ச் 4
அமெரிக்காவில் 12 வயதுக்கு உட்பட்ட சிறுமியர் சாஃப்ட்பாலில் பந்து வீசும் பிட்சருக்கும் பேட்டர் நின்று அடிக்கும் ஹோம் பிளேட்டுக்கும் இடையே 40 அடி. காலை எட்டிப் போட்டு வீசுவதால் பந்து கடப்பது சுமார் 35 அடிதான். மணிக்கு 50 மைல் வேக ஃபாஸ்ட்பால் என்றால் 0.48 விநாடி, அதே கைச் சுழற்சியில் மெதுவாக வந்து பேட்டரை ஏமாற்றும் 38 மைல் சேஞ்ச்அப் என்றால் 0.63. நமக்குக் கிடைப்பது அந்த 0.15 விநாடி மட்டுமே.

மார்ச் 9
கை சுழலும் வேகம் குறைந்தால் பேட்டர் அப்போதே கண்டுகொள்வாள். வேகம் குறைய வேண்டியது பிடியிலும் மணிக்கட்டிலும். புறங்கை முறையில் பந்து உள்ளங்கையில் ஆழமாக உட்கார வேண்டும். தொடையைத் தாண்டும்போது புறங்கை பேட்டரைப் பார்க்கட்டும். மணிக்கட்டைச் சுண்டக் கூடாது. வீசி முடித்த கை இடுப்புக்குக் கீழேயே நிற்க வேண்டும், அது மேலே ஏறினால் பந்தும் ஏறும். வலைக்கு 20 அடியில் நின்று 15 பந்து, பிறகு முழுத் தூரத்தில் ஃபாஸ்ட்பாலோடு கலந்து. பிடியை மாற்றுவது கிளவுஸுக்குள்ளேயே நடக்கட்டும். வலக்கைப் பிட்சரின் விரல்கள் மூன்றாம் பேஸ் பக்கம் நிற்கும் கோச்சுக்கு நன்றாகவே தெரியும்.

மார்ச் 15
ஃபவுல், அதாவது எல்லைக் கோட்டுக்கு வெளியே போகும் அடி, எந்தப் பக்கம் போகிறது என்று பாருங்கள். வலக்கை பேட்டர் ஃபாஸ்ட்பாலை மூன்றாம் பேஸ் பக்கம் ஃபவுல் அடித்தால் முந்திச் சுழற்றுகிறாள், அடுத்தது சேஞ்ச்அப். முதல் பேஸ் பக்கம் போனால் பிந்துகிறாள். அவளுக்கு மறுபடியும் ஃபாஸ்ட்பால்தான். வரிசையின் கடைசியில் வரும், வேகத்தைத் தொடவே முடியாத சிறுமிக்குச் சேஞ்ச்அப் வீசுவதுதான் நான் அதிகம் பார்க்கும் தவறு. அவள் பேட் வரும் நேரத்துக்குப் பந்தை நாமே கொண்டுபோய்க் கொடுக்கிறோம். இரண்டு ஸ்ட்ரைக் (மூன்றானால் அவுட்) விழுந்த பிறகுதான் வீசுவது என்ற பழக்கமும் வேண்டாம். மூன்றாம் இன்னிங்ஸுக்குள் எதிரணி படித்துவிடும். முதல் பந்திலேயே பாய்கிறவளுக்கு முதல் பந்திலேயே வீசலாம்.

மார்ச் 22
இடம்: முழங்கால் உயரம், வெளி ஓரம். முந்திச் சுழற்றுகிறவள் அதை ஷார்ட்ஸ்டாப் (இரண்டாம், மூன்றாம் பேஸ்களுக்கு இடையே நிற்பவள்) பக்கம் உருட்டிவிடுவாள். இடுப்பு உயரத்தில் மிதந்து வந்தால் அடிதான். தவறினால் கீழேயே தவறட்டும்.

ஆனால் மூன்றாம் பேஸில் ரன்னர் நின்றால், மண்ணில் குத்தும் பந்து பிளேட்டுக்குப் பின்னால் பிடிக்கும் கேட்சரைத் தாண்டி ஒரு ரன்னைக் கொடுத்துவிடும். பேஸ் திருடக்கூடியவள் முதல் பேஸில் நின்றாலும் யோசிக்க வேண்டும்: பந்து கையை விட்டதும் அவள் ஓடுவாள், அந்த 0.15 விநாடி இப்போது அவளுக்கு. முதல் பேஸ் காலியாக இருக்கும்போது மூன்றாம் ஸ்ட்ரைக் மண்ணில் விழுந்தால் பேட்டர் உடனே அவுட் ஆகாமல் முதல் பேஸுக்கு ஓடலாம். அதனால் சேஞ்ச்அப்புக்குச் சைகை கொடுத்ததுமே கேட்சர் முழங்காலிட்டுத் தடுக்கத் தயாராக வேண்டும்.